ஆடியில் பூத்த கார்த்திகைப் பூ

பம்பாய்க்கு வந்த முதல் மழையிலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தாராவியை ஒட்டிய கழிமுக மேட்டில் கார்த்திகைப் பூ மாதிரி ஒன்று பூத்து நின்றது. மாதமோ ஆடி. நம் திருநெல்வேலிப் பக்கம் கார்த்திகையில் பூப்பதால்தானே அந்தப் பெயர்? பூவுக்கே மாதம் தப்பும் ஊரில் என்னதான் நடக்காது? என் மனைவி செல்லத்தாய்க்குத் தலைப்பிரசவம். ஆஸ்பத்திரியில் சொன்ன நாளும் தாண்டிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளியை விட்ட எனக்குத் தெரியாததெல்லாம் பயம்தான். கிட்டப் போய்ப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு சக்குபாய் வந்தாள். கோலி இனத்து மீன்காரி, இந்தத் தீவின் ஆதிக் குடி. கழுவிய கிழங்கொன்றைச் செல்லத்தாய் கையில் வைத்தாள். கலப்பை போலக் கவைத்த கிழங்கு; கார்த்திகைப் பூவின் கிழங்கை எங்கள் ஊரில் கலப்பைக் கிழங்கு என்றே சொல்வோம். சின்ன வயதில் வேலியோரம் இதைத் தோண்டிக் கடிக்கப் போய், விஷமென்று அம்மாவிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. பிடுங்கி வாசலோரம் வீசினேன்.

“அரே மதராசி, பாகல் ஹை க்யா?” என்று, எனக்குப் பைத்தியமா என்பதுபோல் சக்குபாய் கத்தினாள்.

“கொல்லப் பாக்கா இவ!” என்று நானும் கத்தினேன்.

குழாயடியில் இந்தி கற்றுவிட்ட செல்லத்தாய் சிரித்தாள். “தின்னவா சொன்னா? அரைச்சு உள்ளங்கால்ல தடவுனா வலி எடுக்குமாம். எதையாவது முழுசாக் கேப்பியளா?”

நான் நம்பவில்லை. சக்குபாய் விடாமல் என்னை மழையில் மேட்டுக்கு இழுத்துப்போனாள். மேல்நோக்கி வளைந்த இதழ், நுனியில் தீச்சிவப்பு, அடியில் மஞ்சள், சுருண்டு பற்றும் இலைமுனை. சந்தேகமே இல்லை, நம் பூவேதான்! “களலாவி” என்று மராத்தியில் பேர் சொன்னாள். விழித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு “கள… கள…” என்று முனகி, பூவைக் காட்டினாள். பிரசவ வலியை வரவழைப்பது! நானும் சேற்றில் குனிந்து ஏர் ஓட்டுவதுபோல் காட்டி, “கலப்பை” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன.

நனைந்து திரும்பினால், செல்லத்தாய்க்கு வலி எடுத்திருந்தது. சயான் ஆஸ்பத்திரியில் அன்றே பெண் பிறந்தாள். இருவரும் சுகம். “தூக்கி எறிஞ்ச கிழங்குக்கே இவ்வளவு பவர்னு சக்குபாய் கேலி பண்ணுதா” என்றாள் செல்லத்தாய். பயமென்பதையே மறந்து வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.

எறிந்த கிழங்கு மறுவருஷ மழையில் வாசலோரம் முளைத்துப் பூத்தது. மகளுக்கு முன்பே கார்த்திகை என்று பேர் வைத்திருந்தோம். ஆடியில் பிறந்தவளுக்கு இதென்ன பேர் என்று ஊரிலிருந்து கேட்டார்கள். எங்கள் வாசலில் ஆடியில்தான் பூக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.