சலவைக்கடையில் காய்ந்த விதை

அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. முப்பது வருடமாகச் சலவைக்கடை வைத்திருக்கிறார். அதனால் துணி தெரியும். துணி தெரிந்ததால் மருத்துவமும் மண்ணும் தெரியும். அக்காவின் கடைசி வாரத்தில், அவளுக்கு எந்தப் போர்வை ஆகும் என்று மருத்துவருக்கே பாடம் எடுத்தார்.

கொல்லையில் அக்கா வளர்த்த மக்காச்சோளம் அவருக்கு வெட்டி வேலை. அவித்து வைத்தால் மட்டும் நாலு கதிர் உள்ளே போகும். பதினோரு வருடம், ஆண்டுக்காண்டு நல்ல கதிராகப் பொறுக்கி அவள் சேர்த்த விதை அது. இந்த முறை அத்தனையையும் விதைத்துவிட்டு, அறுவடைக்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் பழைய விதை ஒரு மணிகூட இல்லை. செடியில் முற்றி நின்ற இருபது கதிர்தான் மிச்சம்.

"தோலை உரிச்சு நிழல்ல காத்தாடத் தொங்கவிடணும் மாமா. மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? ராத்திரி போட்டா காலையில நூறு போர்வை காயுது என் ரூம்ல. எனக்கே காயப்போடச் சொல்லித் தர்றியா?"

"சூடு பட்டா விதை செத்துரும். அஞ்சு கதிராவது எனக்குக் குடுங்க."

"வந்துட்டா, பங்கு கேட்டுக்கிட்டு."

கடையில் இஸ்திரி போடும் பெண்கள் சிரித்தார்கள். மாமா கதிர்களைத் தலையணை உறையில் கட்டி, துணி காயவைக்கும் அறையில் நீராவிக் குழாயின் மேலேயே போட்டார். மறுநாள் மணிகள் கண்ணாடியாக இருந்தன. கடித்தால் டக்கென்று உடைந்தன. "பதம்னா இது," என்று துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

நான் பத்து மணி கேட்டு வாங்கி ஈரத்துணியில் சுருட்டி வைத்தேன். எட்டாம் நாள் பிரித்தால் ஒன்றும் முளைக்கவில்லை, பூசணம் பூத்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"உன் கைராசி அப்படி," என்றார்.

பருவம் வந்ததும் மிச்சம் முழுவதையும் விதைத்தார். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு கூப்பிட்டனுப்பினார்.

கொல்லையில் விரல் உயரத்துக்குப் பயிர் நின்றது. விட்டுப்போன குழிகளில் விதை ஊன்றிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்க அக்கா விதைதான். செத்துருச்சுன்னியே?"

சொல்லிக்கொண்டே நெற்றி வியர்வையைத் துடைத்தார். விதைக்கடையில் வாங்கும் விதைக்குப் பூசும் பூச்சி மருந்தின் ரோஸ் சாயம் நெற்றியில் மூன்று கோடாக இறங்கியது. பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்ல வராத மனிதர்.

"அது விஷம் மாமா. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவுங்க," என்றேன்.

குழாயடியில் குனிந்து வெகுநேரம் கழுவினார். அழுகிறாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் சோளம் இனி எங்கும் இல்லை.