யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்காதீர்கள்

கல்லூரியில் மாணவர் உதவி மேசை என்றால் பஸ் பாஸ் முதல் பாத்ரூம் தாழ்ப்பாள் வரை எல்லாப் புகாரும் நம் தலையில்தான் விழும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். இதைவிடப் பெரியதைச் சொல்ல வருகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள் என்பது, வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு அன்று வரை தெரியாது. அப்படி வந்த ஒரு மாணவியின் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி

"மேடம், என் கிளாஸ் பையன் ஒருத்தன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பக்கத்து மேசை செல்வி அக்கா, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பாசமாகத்தான் கேட்டார்: "எந்த ஊரும்மா? யார் வீட்டுப் பொண்ணு?" அனுமந்தையோ பிரம்மதேசமோ, ஊரைச் சொன்னால் போதும், அப்பா எந்த உப்பளத்தில் வேலை செய்கிறார் என்பது வரை தெரிந்துவிடும். சாயந்திரத்துக்குள் விஷயம் அவர் காதுக்கும் போய்விடும். அவள் முகம் மாறியது.

"ஒண்ணுமில்லங்க மேடம், பஸ் பாஸ் கேக்க வந்தேன்."

விளையாட்டுச் சாமான் அறை

பின்னாலேயே போனேன். விளையாட்டுச் சாமான் அறைதான் காலியாக இருந்தது; அங்கே உட்கார வைத்தேன். "பேரு, ஊரு எதுவும் வேணாம். சொல்லணும்னா சொல்லு, இல்லன்னா சும்மா உக்காந்துட்டுப் போ" என்றேன். அவன் வலுக்கட்டாயமாக நடந்துகொண்டதைச் சொன்னாள். ஏன் போனாய், ஏன் உடனே சொல்லவில்லை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. "உன்னை நம்புறேன், தப்பு உன்மேல இல்ல" என்றேன்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்கக்கா" என்று அழுதாள். யாருக்குமே தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்ற சத்தியம் வாய் வரை வந்தது. கொடுக்க முடியாத வாக்கு என்று அடக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி, போலீஸ், கல்லூரிப் புகார்க் குழு என்று இருக்கிற வழிகளைச் சொல்லி, எது வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

"மொதல்ல டாக்டர்கிட்ட போலாம். நீங்களும் வர்றீங்களாக்கா?"

லேப் பேட்ச்

சில நாள் யோசித்து, அவளாகவே புகார் கொடுத்தாள். அவளும் அவனும் ஒரே லேப் பேட்ச். "நானே வேற பேட்சுக்குப் போயிடறேன் மேடம்" என்றாள். புகார்க் குழுத் தலைவி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"நீ எதுக்கும்மா மாறணும்? விசாரணை முடியிற வரைக்கும் அவன் மாறட்டும்."

கதவுக்கு வெளியே

செல்வி அக்காவிடம் அவள் விஷயம் எதையும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஏன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மறுநாளிலிருந்து, யாராவது என்னிடம் தனியாகப் பேச வந்தால், நாற்காலியை எடுத்துப் போய்க் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொள்வார். எட்டிப் பார்த்த அட்டெண்டரை விரட்டியது உள்ளே வரை கேட்டது.

"ஏம்பா, உனக்கு வேற வேல இல்ல? போயி டீ குடி!"

பரீட்சை

விசாரணை இன்னும் நடக்கிறது. வீட்டில் எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்வாள். செமஸ்டர் எழுதிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, மேத்ஸ் பேப்பர் ரொம்ப மோசம். அதுக்கும் புகார் குடுக்கலாமா?"

எங்கள் மேசைக்கு வந்த புகார்களில், தீர்க்க முடியாமல் போயும் நான் சந்தோஷப்பட்ட ஒரே புகார் அதுதான்.