யாருடையது என்று சொல்லாத கிணறு

"…வேற எது வேணாலும் கேளு தம்பி. பொறந்த ஊரு, ரேஷன் கார்டு நம்பரு, புருஷன் பேருகூட சொல்றேன். அது யாருதுன்னு மட்டும் என் வாயால சொல்லச் சொல்லாத" என்றார் அந்த அக்கா.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. கிணற்றில் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கிற கட்டம். அதை நிரப்பாமல் ஆட்சேபணை மனு அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஆட்சேபணை சொல்ல அன்று சாயங்காலம் வரைதான் நேரம்.

செஞ்சியில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டதுதான். சனங்கள் பேசுவதைக் கேட்கத்தான் கடையைத் திறக்கிறேன் என்று வீட்டில் திட்டு விழும். உண்மைதான். எல்லை எதுவரை என்று ஒருத்தரைக் கேட்டால், "என் மச்சான் எங்க நின்னு கத்துறானோ அதுவரிக்கும்" என்பார். இதை எந்தக் கட்டத்தில் அடிப்பது?

நாடு முழுக்க நில ஆவணமெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று புது முறை வந்தபோது, பெயர்களை ஏற்றுவதற்கு என்னைப் போன்றவர்களையும் கூலிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நிலத்துக்கு ஒரு எண், ஒரு எல்லைக்கோடு, ஒரு உரிமையாளர் வரிசை. எந்த மாநிலத்துக் கம்ப்யூட்டர் திறந்தாலும் ஒரே பாஷையில் படிக்கும் என்றார் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி. எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு ஊரில் குழி, பக்கத்து ஊரில் காணி, பத்திரத்தில் ஏக்கர், பட்டாவில் ஹெக்டேர் என்று மண்டை காய்ந்தவன் நான்.

பனமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சர்வேயர் அளக்கப் போனபோது நானும் கூடப் போனேன். இந்த அக்கா வீட்டு நிலம் அங்கேதான். அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரு கிணறு. பாகம் பிரித்தது வாய்ப்பேச்சில்தான். திங்களும் வியாழனும் தம்பி வீட்டுக்குத் தண்ணீர் முறை, மற்ற நாளில் அண்ணனுக்கு. கிணறு மட்டும் அண்ணன் பக்கத்து வரப்புக்குள் இருந்தது.

"கிணறு யாருதுங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"தம்பி வீட்டுதுங்க" என்றார் அண்ணன்.

"ஐய, இல்ல சார். அண்ணன்துதான்" என்றார் தம்பி, அதாவது இந்த அக்காவின் வீட்டுக்காரர்.

"யாருக்குமே வேணாமா? அப்ப நான் எடுத்துக்கட்டுமா?" என்று சர்வேயர் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அக்காதான் பிறகு மோர் கொடுக்கும்போது எனக்கு விளக்கினார். அவர்கள் குடும்பத்தில் கிணற்றை யாரும் தன்னுடையது என்று சொல்லக் கூடாதாம். சொன்னால் ஊற்றுக்கண் அடைத்துப்போகும். மாமனார் காலத்தில் யாரோ சண்டையில் வாய்விட்டுச் சொல்லி, அந்தக் கோடையில் ஒரு சொட்டு ஊறவில்லையாம். யார் கேட்டாலும் மற்றவர் வீட்டைக் கை காட்டுவதுதான் அங்கே முறை.

அளக்கிற கருவிக்கு அந்த முறை தெரியுமா? கிணறு எந்த எல்லைக்கோட்டுக்குள் விழுந்ததோ, அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டது. கிழமைக்கும் தண்ணீர் முறைக்கும் அதில் இடமே இல்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்தார். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் நிலத்தை விற்றுவிட்டான். வாங்கியவர் வெளியூர். அவர் கெட்ட வார்த்தை ஒன்று பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "நல்லா பாருங்கம்மா, என் எல்லைக்குள்ளதான் இருக்குது. வேற யார் பேரும் இல்ல" என்று போனைத் திருப்பி மரியாதையாகத்தான் காட்டினாராம். மறுநாள் கல்தூண் இறங்கியது. அதற்கடுத்து முள்கம்பி. மோட்டார் கொட்டகைக்குப் புதுப் பூட்டு. மனை போடப் போகிறார்களாம், கிணற்றைத் தூர்க்கப் போகிறார்களாம். இரண்டு நாளாக ஒரு பொக்லைன் கிணற்றோரம் வந்து சும்மா நிற்கிறது. ஓட்டுகிறவன்கூட இல்லை.

"அந்தப் பக்கம் போனா நம்மளயே பாக்குது தம்பி" என்றார் அக்கா. "மாடு வெறிச்சிப் பாக்குற மாதிரி பாக்குது."

அக்கா போட்டிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பூ விட்டு விழுது இறங்குகிற நேரம். இப்போது ஈரம் இல்லையென்றால் மண்ணுக்குள் ஒன்றுமே இருக்காது. அவர் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். போன் போட்டால், "நீயே பாத்து செய்யி" என்கிறார். அவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

"யக்கா, அந்தாளு தன்னுதுன்னு சொல்லிட்டாரு. நீங்க சொல்லலன்னா அதுதான் நிக்கும்" என்றேன்.

"அவன் சொல்லிட்டான்ல? இப்ப நானும் சொல்லணுமா? சொன்னா ஊத்து போவும். சொல்லலன்னா கிணறே போவும். இன்னா தம்பி இது, இதுக்குன்னு ஒரு கட்டம் இல்லியா உன் மெஷினுல?"

கட்டத்துக்குள் இருந்த பட்டியலை முழுக்க இழுத்துக் காட்டினேன். முழு உரிமையாளர், பங்கு உரிமையாளர், குத்தகைதாரர், அடமானம் பெற்றவர். மற்றவர் வீட்டைக் கை காட்டுபவர் என்று ஒன்று இல்லை.

எதிரே ஆபீசில் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்கி, கடைக்குள் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. திரை மட்டும் வெள்ளையாக எரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஓடிபி வருமே என்று போனை என் மேசைமேல் வைத்தார். கீபோர்டை என் பக்கமாகத் தள்ளினார். எழுந்து படியிறங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு ரோட்டைக் கடந்து, கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முந்தானையை இழுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.