இருமல் கெடுத்த ஒற்றை விசில்

ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். நடத்துனர் ஊதுவார், ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே காதால் வண்டி ஓட்டுவார். “பொண்டாட்டிகிட்டகூட நாங்க இவ்வளவு ஒத்துப்போனதில்ல” என்று இருவருக்கும் பெருமை.

நடத்துனரின் மகள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் வேலையில் சேர்ந்தாள். “உங்கள வீட்டுல வெச்சுக்கிட்டு ஊருக்கு நான் என்னத்தச் சொல்றது?” என்று அவள் கேட்ட அன்றே அவர் சிகரெட்டைத் தலைமுழுகினார். இருமல் பிடித்துக்கொண்டது.

மார்க்கெட் நிறுத்தத்தில் பழக்கார அம்மா ஏறிவிட்டாள், கூடை இன்னும் தெருவில். வண்டியை நிறுத்திவைக்க நடத்துனர் ஒரு விசில் ஊதினார். நடுவில் இருமல் புகுந்து அதை இரண்டாக்கியது. வண்டி கிளம்பிவிட்டது.

“என் கூடை!” என்று அவள் போட்ட கூச்சலில் பேருந்தே குலுங்கிச் சிரித்தது.

“மாப்ள, ஊதிக்கிட்டிருந்தப்ப நல்லாத்தான இருந்த?” என்று ஓட்டுநர் ஒரு சிகரெட்டை நீட்டினார். நடத்துனர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் மகள் அதைக் கண்டுபிடித்தாள்.

“விட்டப்புறம்தாம்மா இருமலே வந்துச்சு. இது எந்த ஊர் நியாயம்? தொழிலே போயிடும்போல.”

“டாக்டர்தான் பாத்துட்டு வேற கோளாறு இல்லன்னுட்டாரே. மூச்சுக்குழாய்க்குள்ள பூரா பொடிப்பொடியா முடி வெச்ச செல்லு, அதான் உயிரணு, இருக்குப்பா. பக்கத்து செல்லு சளி விடும், தூசி அதுல ஒட்டிக்கும். முடியெல்லாம் சேர்ந்து அதை மேல மேல தள்ளி வெளியேத்தும். புகை அதுங்கள முடக்கிப் போட்டிருந்துச்சு. இப்பதான் எழுந்து வேலைக்கு வந்திருக்கு.”

“அப்ப தேங்கினதையெல்லாம் தள்ளுது?”

“ஆமா. அதான் இருமல். கொஞ்ச நாள்ல அடங்கிடும்.”

நடத்துனர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். “நான் பஸ்ல ஆளுங்கள ‘உள்ள போ, உள்ள போ’ன்னு தள்ளுறேன். அதுங்க ‘மேல போ, மேல போ’ன்னு தள்ளுதா! நம்ம ஆளுங்கதான்!”

மறுநாள் சிகரெட் ஓட்டுநரிடமே திரும்பியது. “உன் மருந்தை நீயே வெச்சுக்க. இனிமே விசிலோட வாயாலயும் கத்துறேன்.”

கத்த வேண்டியிருக்கவில்லை. அவர் இருமினால் போதும், பயணிகளே “அது இருமல்! எடுக்காதீங்க!” என்று கூவினார்கள்.

சில வாரங்கள் கழித்து, அதே மார்க்கெட் நிறுத்தம். பழக்கார அம்மா கூடையைத் தூக்க, நடத்துனர் ஊதினார். இழுத்துப் பிடித்த ஒரே விசில், இழை அறாமல் நீண்டது. வண்டி அசையவில்லை. கூடை ஏறிய பிறகும் அது ஓயவில்லை.

ஓட்டுநர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். “போதும் மாப்ள, நின்னு ரொம்ப நேரமாச்சு!”