எஸ்தர் எந்த வகுப்பு?

டிசம்பர் பிறந்ததும் வந்த முதல் ஞாயிறு. கிருஷ்ணகிரி சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார் ஜெபமணி டீச்சர். அங்கே ஒரு வழக்கம் — வகுப்பு வாரியாக மெழுகுவத்தி பிடித்து வந்து, வகுப்புக்கு ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

"எந்தக் கிளாஸும்மா நீ?" என்று என் மகள் எஸ்தரைக் கேட்டார்.

"கணக்குல அஞ்சாவது, தமிழ்ல நாலாவது, கன்னடத்துல ஒண்ணாவதுங்க டீச்சர்."

கொல்லென்று சிரித்துவிட்டார்கள் பிள்ளைகள். எஸ்தர் வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. என் கணவருக்கு அணைக்கட்டு வேலையில் ஓவர்சியர் உத்தியோகம். எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றிக் கல், மண், லாரி... இவைதான். பள்ளிக்கூடம் தினமும் போய்வர எட்டாத தூரம். அதனால் எஸ்தருக்கும் அவள் தம்பி சாமுவேலுக்கும் நான்தான் டீச்சர். சமையல்கட்டுதான் வகுப்பறை. கன்னடம் மட்டும் பக்கத்து வீட்டு ரத்னம்மாவின் உபயம். எந்தப் பாடம் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு வேகமாக ஓடட்டும் என்று விட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் பட்டுப் பாவாடையைக்கூட மாற்றவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு நான் சர்ச்சுக்கு வர்ல. எனக்கு நிக்கறதுக்கு எடமே இல்ல."

"எனக்கு எடம் வேணாம், மிட்டாய் குடுத்தா போதும்" என்றான் சாமுவேல்.

எனக்குச் சுருக்கென்றது. நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவும்போதே கோணம் அளக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அதிரசத்துக்கு மாவு அளக்கும்போதே பின்னக் கணக்குப் போடவைத்தவள். கிறிஸ்துமஸையே பாடமாக்கிய கெட்டிக்காரிக்கு, பிள்ளை எந்த வரிசையில் நிற்பாள் என்று தோன்றவே இல்லையே!

அடுத்த ஞாயிறு எஸ்தரையும் கூட்டிக்கொண்டு ஜெபமணி டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

"ரெண்டே பேரா இருந்தாலும் கிளாஸ் கிளாஸ்தானே? வீட்டு வகுப்புன்னு கூப்பிடறேன். வந்து பாடட்டும்."

எஸ்தர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீச்சர் அதோடு விட்டாரா?

"ஆனா ஒவ்வொரு கிளாஸ் பின்னாலயும் அதோட டீச்சர் நின்னு பாடணும். இங்க அதுதான் வழக்கம். நீங்களும் வந்துருங்க."

நானா? என் பாட்டுக்குப் பயந்து ரத்னம்மா வீட்டுக் கோழிகள்கூட எங்கள் பக்கம் மேய வருவதில்லை. மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரியென்று தலையாட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலை. "வீட்டு வகுப்பு!" என்று கூப்பிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மெழுகுவத்தியோடு எஸ்தர் நிமிர்ந்து நடந்தாள், பின்னால் சாமுவேல், அவனுக்கும் பின்னால் நான். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிற நான், சாமுவேலின் முதுகுக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தேன். எஸ்தர் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா. நீ வாய மட்டும் அசை, பாட்ட நாங்க பாத்துக்கறோம்" என்றாள் மெதுவாக.

அசைத்தேன். இருவரும் கணீரென்று பாடி முடித்தார்கள். வெளியே வந்ததும் ஒரு சிறுமி எஸ்தரிடம், "நீ எந்தக் கிளாஸு?" என்று கேட்டாள்.

"வீட்டு வகுப்பு" என்றாள் எஸ்தர், ஒரு நொடிகூட யோசிக்காமல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் எல்லோரும் பாஸ் — டீச்சரைத் தவிர!