வாசலில் சிக்கிய பாய்லர்

கூட்டேரிப்பட்டிலிருந்து வருகிறவர்கள் பழைய கோட்டைவாசல் ஒன்றைக் கடந்துதான் எங்கள் ஊருக்குள் நுழைய வேண்டும். கோட்டை எப்போதோ போய்விட்டது. வாசல் மட்டும் நின்றது. நவாபு காலத்தில் அங்கே சிப்பாய்கள் காவல் இருந்தார்களாம். பிறகு வந்தவர்கள் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கினார்களாம். எனக்கு நினைவு தெரிந்தபோது, வளைவின் ஒரு பக்கத்து அறையில் அப்பா பள்ளிக்கூடம் நடத்தினார். எதிர் அறையில், பயிரை மேய்ந்து பிடிபட்ட மாடுகளை அடைத்து வைத்தார்கள். இரண்டு அறையிலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். வளைவுக்கு மேலிருந்த அறைகளில் நாங்கள் குடியிருந்தோம்.

நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் வாழப்போய், மறுவருஷமே கணவரை இழந்து திரும்பி வந்தவள். படியிறங்கிக் கீழே வருவதே அபூர்வம். அவள் அறைத் தரையில் ஒரு ஓட்டை உண்டு. கீழே வரும் எதிரிகள்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதற்காக வைத்தது என்பார் அப்பா. நான் விழுந்துவிடாதபடி அதைப் பலகையால் மூடியிருந்தார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். பக்கத்து ஊர் நெல் மில்லுக்கு விழுப்புரத்திலிருந்து லாரியில் ஒரு பாய்லர் வந்தது. எந்தப் படையையும் தடுத்ததாகப் பெயரில்லாத எங்கள் வாசல் அதைத் தடுத்துவிட்டது. லாரி பாதி நுழைந்ததும் பாய்லரின் தலை வளைவில் இடித்துச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. வாசலை இடித்துவிடலாம் என்றார்கள் மில் ஆட்கள். மேலே நாங்கள் குடியிருப்பதை அப்பா அவர்களுக்கு நினைவுபடுத்தினார்.

பாய்லரை மில்லில் பொருத்திக் கொடுக்க அதோடு ஒரு பிட்டர் வந்திருந்தார். இளவயது, சட்டையெல்லாம் கிரீஸ். "இடிக்க வேணாங்க. சக்கரத்துக்குக் கீழ மண்ணை நோண்டினா லாரி எறங்கிடும். கல்லுல ஒட்டிக்கினு இருக்குதா, விட்டுச்சான்னு மேலேர்ந்து யாராச்சும் பாத்துச் சொன்னா போதும்" என்றார்.

வேற்று ஆளை மாடிக்கு விட அப்பாவுக்கு மனமில்லை. அதனால் அத்தை பலகையை நகர்த்திவிட்டு, ஓட்டை வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

"விட்டுச்சுங்களா?" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"இல்லீங்க, ஒட்டிக்கினுதான் கீது" என்பாள் அத்தை.

அன்றைக்கு வேலை முடியவில்லை. மறுநாளும் தோண்டினார்கள். வெயில் ஏறியதும் அத்தை ஒரு சொம்பில் கேப்பங்கூழைக் கயிறு கட்டி ஓட்டை வழியாக இறக்கினாள். குடித்துவிட்டுப் பிட்டர், "எண்ணெய் ஊத்தற எடம்னு வாத்தியார் சொன்னாரு. நீங்க கூழு ஊத்தறீங்களே" என்றார்.

அத்தை சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அடுப்படியில் அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதை இன்னொரு தரம் கேட்டுவிட மாட்டோமா என்று அப்புறம் எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குப்பின் கீழேயிருந்து கேள்விகள் கொஞ்சம் அடிக்கடியே வந்தன. பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லாதபோதும் அத்தை தரையில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் லாரி பள்ளத்தில் இறங்கி, மெல்ல அந்தப் பக்கம் வெளியேறியது. ஊரே ஆரவாரம் செய்தது. அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஓடிப்போய் அவர்கிட்ட கேட்டுக்கினு வா, திரும்ப இந்தப் பக்கம் வருவாரான்னு. நான் கேட்டன்னு சொல்லாத."

ஓடினேன். கேட்டேன். அவர் மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு கேக்கச் சொன்னாங்க?"

"யாரும் இல்ல. நான்தான்" என்றேன், சொன்ன சொல் தவறாதவளாக.

அவர் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு என் தலையைத் தடவி, "பயப்படாத பாப்பா. இனிமே மில்லு சாமானெல்லாம் மயிலம் வழியா சுத்திக்கினு போயிடும். உங்க வாசலுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

மூச்சிரைக்க மாடியேறி, அப்படியே அத்தையிடம் ஒப்பித்தேன். "சரி" என்றாள். பலகையை இழுத்து ஓட்டையை மூடினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடி, இனிமேல் எந்த லாரியும் வராது, வீட்டை யாரும் இடிக்கமாட்டார்கள் என்று அம்மாவிடம் கூவினேன்.

அம்மா அத்தையின் அறைப் பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசுடி" என்றாள்.

நல்ல செய்தியை எதற்காக மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.