இரண்டையும் ஒரே பலகையில் வைத்தேன்

"ரெண்டையும் ஏன்க்கா ஒரே எடத்துல வச்சீக?"

காரைக்குடியில் கணினி பழுது பார்க்கும் கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவர் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கவனமில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. அமராவதிபுதூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். தேர்வுக்கு முன் ஒரு கேள்விகூட வெளியே போகக் கூடாது என்பதால் கணினிக்கு யாராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைத்திருந்தேன். தெரியாத ஆள் அனுப்பும் எதையும் திறக்க மாட்டேன். வைரஸ் தடுப்பைத் தவறாமல் புதுப்பிப்பேன்.

அதே கணினியில்தான் என் மகளும் இருந்தாள். அவள் பிறந்து மூன்றாம் மாதம் என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். இடையில் ஒரே ஒரு முறை, அதுவும் பதினைந்து நாள் வந்துபோனார். அவள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது, முதல் தடவை "அப்பா" என்று கைப்பேசியைப் பார்த்துச் சொன்னது எல்லாவற்றையும் படம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது அவற்றைக் கணினியில் ஏற்றுவேன். அங்கிருந்து ஒரு சிறிய ஹார்டு டிஸ்க்கிலும் பிரதி எடுத்து, அவளுடைய பழைய சட்டையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவேன். பிறகு கைப்பேசியில் இடம் வேண்டும் என்று அதில் இருப்பதை அழித்துவிடுவேன்.

எடுக்கிற படங்கள் இணையத்தில் தானாகப் போய்ச் சேரும்படி வைக்கும் வசதி என் கைப்பேசியிலும் இருந்தது. நான்தான் அதை நிறுத்திவைத்தேன். குழந்தைகளின் படங்களை யாரோ எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் ஒரு ஆசிரியை சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நடுக்கம். என் மாமியாரும், "ஊருக்கெல்லாம் காட்டாத ஆத்தா, கண்ணு பட்ரும்" என்பார். படித்த பயமும் படிக்காத பயமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. பிறர் கண்ணில் படாமல் இருந்தால் போதும், பத்திரம் என்று நினைத்துவிட்டேன். தொலையாமல் இருப்பது வேறு விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆயுத பூசை அன்று சாயங்காலம் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மணை எல்லாம் கழுவி வைத்தோம். மாமியார் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏத்தா, அந்தப் பொட்டிய விட்டுட்டியே?"

"அதுவுமா அத்தை?"

"என்னா அதுவுமான்னு கேக்குற? மம்பட்டி சோறு போட்டுச்சு, வச்சோம். இப்ப இதுவும்தான் போடுது. எம் மகன் அனுப்புற சோறு வேற, நீ சம்பாதிக்கிற சோறு வேற. ஒரு பொட்டு வையி, குறைஞ்சா போயிருவ?"

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணினிப் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து பலகையில் நிறுத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பீரோவைத் திறந்து ஹார்டு டிஸ்க்கையும் எடுத்து வந்து அந்தப் பெட்டியின் மேல் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். மாமியார் அதைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது. என் மகளின் முகம் இருக்கிற பொருள், அதுவும் சாமிக்கு முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேனா? பெட்டிக்கு வைத்து இதற்கு வைக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேனா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

மகள் கேட்டாள், "அப்பத்தா, பொட்டி நமக்குச் சோறு ஊட்டுமா?"

"ஊட்டும், ஊட்டும். நீ ஒழுங்காத் தின்னா ஊட்டும்."

நானும் மாமியாரும் சுண்டல் தாளிக்க அடுப்படிக்குள் போயிருந்தோம். திரும்பி வந்தபோது படையலுக்கு வைத்திருந்த பானகத் தம்ளர் அவள் கையில் காலியாக இருந்தது.

"பொட்டிக்கு நெறைய வாயிம்மா. எல்லாத்தையும் குடிச்சிருச்சு" என்றாள். காற்றுப் போவதற்காகப் பெட்டியின் மேலே வரிசையாக இருந்த ஓட்டைகளைத்தான் வாய் என்கிறாள்.

டிஸ்க்கின் மேல் வெல்லத்தண்ணீர் பளபளத்தது. ஓடிப்போய்த் துண்டால் ஒற்றி எடுத்தேன். அப்போதே இரண்டையும் தூக்கிக் கவிழ்த்து, துடைத்து, காய வைத்திருக்க வேண்டும். ஆனால் படைத்த பொருளை மறுநாள் பூசை முடியும்வரை இடம் மாற்றக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். மருமகளாக வந்த இத்தனை வருடத்தில் நான் ஒரு வழக்கத்தையும் மீறியதில்லை. மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எட்டிப் பார்த்து "என்னாச்சு?" என்றவரிடம், "ஒண்ணுமில்லை அத்தை, கொஞ்சம் பானகம் சிந்திருச்சு" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து அவரவர் தொழிலைத் தொட வேண்டும். மாமியார் கொல்லையில் மண்வெட்டியால் நாலு கொத்து கொத்திவிட்டு வந்தார். நான் பெட்டியை மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம். பாகு கருகும் வாசனை. அவ்வளவுதான்.

சரி, டிஸ்க் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கல்லூரி மாணவியிடம் ஓடினேன். அவளுடைய மடிக்கணினியில் சொருகியதும் விளக்கு எரிந்தது. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தது. படம் எதுவும் வரவில்லை. கழற்றிக் கழற்றி ஐந்தாறு முறை சொருகினேன். கடைசியில் விளக்கும் எரியவில்லை.

மறுநாள் பேருந்தில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார்.

"உள்ள எறும்பு மொய்க்குதுக்கா. என்னத்த ஊத்தினீக?"

"பானகம்."

சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டிஸ்க்கையும் வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நனைஞ்சதுக்கு மட்டும் கரண்டு குடுக்கக் கூடாதுக்கா. அப்படியே கொண்டாந்திருந்தா ஏதாச்சும் பாத்திருக்கலாம். இனி நம்ம கையில இல்ல. சென்னையில பிரிச்சுப் பாக்குற ஆளுக இருக்காக. கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எடுத்துத் தொடைன்னு சொல்லியிருப்பேனே ஆத்தா. சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது?" அதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

என் மகளை நான் ஒன்றும் சொல்லவில்லை. பசிக்கும் என்று நினைத்துக் கொடுத்தாள். இப்போதும் சில நாள், "பொட்டி எங்கம்மா?" என்று கேட்கிறாள்.

இப்போது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புதிதாக எடுப்பதை இன்னொரு டிஸ்க்கில் ஏற்றி, கல்லலில் உள்ள என் அம்மா வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் திறந்து பார்க்கிறேன். நிறுத்திவைத்திருந்த இணைய வசதியையும், கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணும் இருந்தால்தான் திறக்கும்படி வைத்துக்கொண்டு போட்டுவிட்டேன். செய்து முடிக்க ஒரு மதியம்கூட ஆகவில்லை. இதைத்தான் மூன்று வருடமாகச் செய்யாமல் இருந்தேன்.

ஆனால் என்னை அரிப்பது வேறு. அவ்வப்போது ஒன்றிரண்டு காட்சிகளைக் கணவருக்கு அனுப்பியிருந்தேன். போன வருடம் அவர், "போனுல எடமே இல்ல, என்ன செய்ய?" என்று கேட்டார். "அழிச்சிருங்க. இங்க பத்திரமா இருக்கு" என்று சொன்னது நான்தான். அவரும் அழித்துவிட்டார். இன்றும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "எல்லாம் ஏத்திட்டியா? வந்ததும் மூணு பேரும் உக்காந்து மொதல்ல இருந்து பாக்கணும்" என்கிறார். "ம்" என்கிறேன். அது பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. நான் சொல்லும்வரை மாமியாரும் அவரிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்றிருக்கிறார்.

பொங்கலுக்கு அவர் வருகிறார். டிஸ்க் மறுபடியும் அந்தச் சட்டைக்குள்தான் இருக்கிறது. பொட்டை இன்னும் அழிக்கவில்லை.

படிக்கிறவர்களில் யாராவது இப்படி நனைந்து, கரண்டும் கொடுத்துக் கெட்ட டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்க அனுப்பியிருந்தால், ஏதாவது திரும்பக் கிடைத்ததா என்று எழுதுங்கள். பிரிக்கிறவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். உள்ளே நான் குழந்தையைக் குளிப்பாட்டுகிற படங்கள்கூட இருக்கின்றன. நம்பிக் கொடுக்கலாமா? அதைவிட முக்கியமாக இன்னொன்று. அவரிடம் இப்போதே, அங்கே அறையில் தனியாக இருக்கும்போது கைப்பேசியில் சொல்லிவிடுவதா, வந்து இறங்கி மகளைத் தூக்கிக்கொண்ட பிறகு சொல்வதா? உங்கள் வீட்டில் நடந்திருந்தால் நீங்கள் எப்போது சொல்வீர்கள்?